படித்ததும் பட்டதும்

(வேங்கிக்காலில் நடைபெற்ற நம் கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நூல்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் புலவன் அல்லேன், திறனாய்வாளனும் அல்லேன். வரலாறு பயின்று இளங்கலைப் பட்டமும், அதன்பின் ஆசிரியக் கல்விப் பட்டமும் பெற்று, அரசுப் பள்ளியில் தலைமையாசிரியனாகப் பணியாற்றி வருபவன். ஒரு நூல் சிறந்ததா அன்றா என்று தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்நூலைப் படித்தபோது என் உள்ளத்தில் பட்டது என்ன என்பதை எடுத்துரைக்கும் உரிமை எனக்குண்டு. அதை மட்டுமே இன்று செய்ய விழைகிறேன்.

என் தந்தையார் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். வேலையற்ற நாள்களில் கல் உடைத்தவர். தாயார் மல்லாட்டைக் கொல்லைகளில் களையெடுத்தும் காய் பறித்தும் எங்களைக் காத்தவர். எங்கள் வீட்டில் அச்செழுத்து என்று இருந்தவை இரண்டு. ஒன்று குடும்ப அட்டை. மற்றொன்று மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி. நூல் என்னும் பொருள் பள்ளியில் இருப்பது, படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டியது என்றே இளமையில் எண்ணியிருந்தேன்.

பிற்காலத்தில் பலவகை நூல்களைப் படித்தேன். அவற்றுள் பெரும்பாலானவை என்னைப் போன்ற ஒருவன் படிப்பான் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல. விருந்துக்கு அழைக்கப்படாதவன் பந்தியில் வந்து அமர்ந்ததுபோல் அந்நூல்களின் நடுவே நான் அமர்ந்தேன். அழைக்கவில்லையே என்று எழுந்து போய்விடவும் இல்லை. அழைத்தார்கள் என்று பொய்யாக மகிழவும் இல்லை. "இந்நூலில் நான் எங்கே நிற்கிறேன்?" என்னும் ஒரு வினாவைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளே இவ்வுரை.

பெயர் இழந்தவன்

பள்ளிப் பருவத்தில் துணைப்பாட நூலாக எனக்குக் கிடைத்தது ராபின்சன் குரூசோவின் கதைச் சுருக்கம். டேனியல் டீஃபோ என்னும் ஆங்கிலேயர் 1719ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அது. கப்பல் உடைந்து தனித் தீவில் ஒதுங்கிய ஒருவன் குடில் அமைத்து, ஆடு வளர்த்து, பயிர் செய்து பிழைத்த கதை. அதனை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்நாளில் நானே குரூசோ. எங்கள் ஊர் ஏரியின் நடுவிலிருந்த மேடே என் தீவு.

ஆசிரியனான பிறகு அதே கதையை வகுப்பில் நடத்தினேன். தீவுக்கு வரும் மனிதன் ஒருவனைக் குரூசோ காப்பாற்றுகிறான். காப்பாற்றிய நாள் வெள்ளிக்கிழமை. ஆகவே வெள்ளிக்கிழமை என்றே அவனுக்குப் பெயரிடுகிறான். தன்னை 'எசமான்' என்று அழைக்கக் கற்பிக்கிறான். "ஐயா, அவனுக்கு அதுக்கு முன்னாடி பேர் இல்லையா?" என்று ஒரு மாணவன் கேட்டான். சுண்ணக்கட்டி என் கையிலேயே நின்றுவிட்டது. பேர் இல்லாமலா இருந்திருப்பான்? குரூசோ கேட்கவில்லை, நூலும் கேட்கவில்லை, அத்தனை முறை படித்த நானும் கேட்கவில்லை.

என் பாட்டனார்க்கு வீட்டில் இட்ட பெயர் அருணாசலம். அண்ணாமலையாரின் பெயர். அவர் வேலை பார்த்த பண்ணையில் அதே பெயர் கொண்ட பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். ஆகவே வயலில் என் பாட்டனாரைக் 'குப்பன்' என்று அழைத்தனர். அப்பெயரே குடும்ப அட்டையிலும் ஏறியது. அவர் மறைந்த நாளில் எழுதிய சான்றிதழிலும் அதுவே நின்றது. அன்று மாலை, குரூசோவின் தீவில் நான் நின்ற இடம் எனக்குத் தெரிந்தது. அந்நூலை நான் வெறுத்துவிடவில்லை. இன்றும் மாணவர்க்குச் சொல்கிறேன். ஆனால் அம்மாணவன் கேட்ட வினாவையும் சேர்த்தே சொல்கிறேன். என் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் முழுப் பெயரிட்டே அழைக்க வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டேன்.

நந்தனார் நின்ற வாயில்

அடுத்தது பெரிய புராணம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய அந்நூலில் திருநாளைப்போவார் புராணம் என்று ஒரு பகுதி உண்டு. நந்தனாரின் வரலாறு அது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அவர், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவந்தார். திருப்புன்கூரில் நந்தி விலகி அவருக்கு வழிவிட்டது. தில்லையில் அவர் தீயில் மூழ்கி, முனிவர் வடிவுடன் எழுந்து, உள்ளே சென்று மறைந்தார். இதுவே புராணம் கூறும் செய்தி.

என் பாட்டியார் இக்கதையைக் கண்ணீர் மல்கச் சொல்வார், நானும் அழுதிருக்கிறேன். பிற்காலத்தில் நூலையே எடுத்துப் படித்தபோது இரண்டு எண்ணங்கள் ஒருசேர எழுந்தன. அடியார் கூட்டத்தில் நம்மவர் ஒருவர்க்கும் இடமளித்த சேக்கிழாரின் உள்ளத்தை நான் வணங்குகிறேன். ஆயினும் முரசுக்குத் தோல் கொடுத்தவர் அம்முரசு ஒலிக்கும் இடத்துக்குப் போகலாகாது என்பதையும், போவதற்கு உடம்பையே நெருப்பில் இட வேண்டியிருந்தது என்பதையும் என்னால் அமைதியாகப் படித்துச் செல்ல இயலவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் அவரை வருத்தும் வேதியர் ஒருவர் வருகிறார். அப்பாத்திரம் சேக்கிழாரிடம் இல்லை. பண்ணையில் நந்தன் பட்ட துன்பத்தைப் பின்னால் வந்தவரே எழுதிச் சேர்த்தார். ஒரே மனிதரின் கதை எழுதுபவர் மாறும்போது மாறுகிறது என்பதை வரலாற்று மாணவனாகிய நான் இவ்விரு நூல்களிலிருந்தே முதலில் உணர்ந்தேன்.

இக்கதைக்கு மூன்றாவது ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் நம் பக்கத்து மனிதர். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890ஆம் ஆண்டில் பிறந்த சுவாமி சகஜானந்தர் சிதம்பரம் சென்று, 1916ஆம் ஆண்டில் நம் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் நந்தனார் பள்ளி. நந்தனார் நெருப்பில் மறைந்ததாகச் சொல்லப்பட்ட அதே ஊரில், அவர் பெயரால் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் தோன்றின. பழைய கதைக்கு இதைவிடச் சிறந்த மறுமொழியை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

திண்ணையும் ஓலையும்

உ. வே. சாமிநாத ஐயர் எழுதிய 'என் சரித்திரம்' நான் மிகவும் நேசிக்கும் நூல்களுள் ஒன்று. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942ஆம் ஆண்டில் ஐயர் மறைந்ததனால் முற்றுப்பெறாமல் நின்றது. 1950ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. தமிழ் படிக்க வேண்டும் என்னும் ஒரே ஆசையால் தந்தையாரோடு ஊர் ஊராக நடந்த சிறுவனை அதில் காண்கிறோம். வறுமை அவரை விட்டு அகலவில்லை, ஆசையும் அகலவில்லை. இறுதியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேரும் இடத்தைப் படிக்கும்போது, வேலைக்குச் செல்லும் மகனை வழியனுப்பும் தந்தைபோல் என் நெஞ்சு நிறைந்தது.

ஆனால் என் வினா என்னை விடவில்லை. அச்சிறுவன் ஏழையாயினும் ஊருக்கு ஊர் ஒரு திண்ணை அவனை வரவேற்றது. ஒரு வீட்டில் சோறு கிடைத்தது. ஓர் ஆசிரியர் ஏடு பிடித்துப் பாடம் சொன்னார். அதே காலத்தில் அதே ஆசையோடு நம் தெருவிலிருந்து ஒரு சிறுவன் புறப்பட்டிருந்தால், எந்தத் திண்ணையில் அவன் ஏறியிருக்க முடியும்? இதனை ஐயர் மீது குறையாக நான் கூறவில்லை. சைவராகிய அவர் சமண நூலாகிய சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டு, சமணர் வீடு தேடிச் சென்று பொருள் கேட்டுத் தெளிந்து, 1887ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டவர். தெரியாததைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்னும் பண்பை நான் அவரிடமே கற்றேன். எனினும் வறுமை வேறு, விலக்கு வேறு என்பதையும் அந்நூலே எனக்குத் தெளிவாக்கியது.

ஏடு தேடிச் சென்ற இடத்தில், பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட்டதாகக் கூறக் கேட்டு மனம் நொந்ததை ஐயர் பதிவு செய்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் நடந்த செய்தி அது. போற்றிக் காப்பதாக எண்ணிக்கொண்டே அழித்துவிடுவது எத்தகைய பேதைமை என்று நான் வியந்தேன். அப்பேதைமை என்னிடமும் இருந்ததைப் பின்னர்ச் சொல்வேன்.

இங்கே மற்றொரு செய்தியையும் நினைவூட்ட விரும்புகிறேன். ஏடு என்பது உயர்ந்தோர் வீட்டுப் பரணில் மட்டுமே இருந்தது என்று நாம் எண்ணிவிடலாகாது. 1907ஆம் ஆண்டில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், திருக்குறள் ஏட்டைப் பேணி வைத்திருந்து எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தவர் தம் பாட்டனார் கந்தப்பனார் என்று எழுதியிருக்கிறார். ஒரு வெள்ளைக்காரரிடம் சமையல் பொறுப்பில் இருந்தவர் அக்கந்தப்பனார். அயோத்திதாசரின் எழுத்துகள் தொகுதிகளாக 1999ஆம் ஆண்டில் ஞான. அலாய்சியஸ் அவர்களின் முயற்சியால் வெளிவந்தபின்னரே நான் அவற்றைப் படித்தேன். அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. எங்கள் வீட்டில் நூல் இருந்ததில்லை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது என் வீட்டைப் பற்றிய உண்மை. நம் மக்களைப் பற்றிய உண்மை அன்று.

மணி அடித்த பின்

இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய நூல். ஓர் அமர்வில் படித்து முடித்துவிடலாம். 1893ஆம் ஆண்டில் 'பறையன்' என்னும் இதழை அப்பெயரிட்டே துணிவுடன் நடத்தியவர், 1930ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர், தம் வாழ்க்கையை அச்சிறு நூலில் அடக்கிவிட்டார்.

கோயம்புத்தூரில் படித்த நாள்களைப் பற்றி அவர் கூறும் செய்தி சில வரிகளே. உடன் பயின்றவருள் மிகப் பெரும்பாலோர் பிராமணர். அவர்களுடன் பழகினால் தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்று அஞ்சி, வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் செல்வாராம். பாடம் முடிந்தவுடன் விரைந்து வீடு திரும்பிவிடுவாராம். பிள்ளைகளோடு விளையாட முடியவில்லையே என்று அவர் மனம் வருந்தியிருக்கிறது.

இவ்வரிகளைப் படித்தபோது நூலை மூடிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் நானும் அதையே செய்தவன். "எந்தத் தெரு?" என்று யாரேனும் கேட்பதற்கு முன் கடந்துவிட வேண்டும் என்பதற்காக, மணி அடிக்கும்வரை வேப்பமரத்தடியில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். படிப்பில் ஆர்வம் மிக்கவன் என்று ஆசிரியர்கள் பாராட்டினர். அது ஆர்வம் அன்று, அச்சம் என்பதை அவர்கள் அறியார். உதவித்தொகைப் படிவம் வரும்போதெல்லாம், "ஆதி திராவிட மாணவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் உரக்கச் சொல்வதுண்டு. எழுந்து நின்ற அந்தச் சில நொடிகளில் என் முதுகில் பட்ட பார்வைகளை இன்றும் உணர்கிறேன்.

எனக்கு முன் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு சிறுவன் இதே அச்சத்தோடு இருந்திருக்கிறான், அவன் வளர்ந்து மன்னரின் மாநாட்டில் அமர்ந்திருக்கிறான் என்பது எனக்கு ஆறுதலாயிற்று. நூல் செய்யும் பேருதவி இதுவே. நாம் தனியாகப் பட்டதாக எண்ணிய துன்பத்தை நமக்கு முன்பே ஒருவர் பட்டிருக்கிறார் என்று அது காட்டிவிடுகிறது. என் பள்ளியில் இன்று உதவித்தொகைப் பெயர்கள் வகுப்பில் வாசிக்கப்படுவதில்லை. படிவங்களை என் அறையில் ஒவ்வொருவராகப் பெற்றுக்கொள்கிறோம்.

நிகழாத உரை

நான் இன்று எழுதிவந்து படிப்பதுபோல், அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டில் ஓர் உரையை எழுதினார். லாகூரில் சாதி ஒழிப்புக்கெனச் சங்கம் நடத்திய சிலர், மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்திருந்தனர். உரையை முன்னதாகப் படித்துப் பார்த்தவர்கள் சில பகுதிகளை மாற்றக் கேட்டனர். அவர் ஒரு காற்புள்ளியையும் மாற்ற இசையவில்லை. மாநாடே நின்றுபோயிற்று. அவர் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு அதனை நூலாக்கினார். அதுவே 'சாதி ஒழிப்பு'. ஓர் அரங்கத்தில் சில நூறு பேர் கேட்டு மறந்திருக்கக்கூடிய உரை, அரங்கம் மறுக்கப்பட்டதனால் உலகெங்கும் சென்றது. 1930களிலேயே அது தமிழிலும் வந்துவிட்டது.

அரசு ஆதி திராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தபோது, கைமாறிக் கைமாறி அட்டை இழந்திருந்த ஒரு படியை நான் பெற்றேன். 19 வயதில் அதைப் படித்தபோது சினமும் களிப்புமே என்னை ஆட்கொண்டன. பக்கங்களில் கோடிட்டேன், நண்பர்களிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். 45 வயதில் மீண்டும் படித்தபோது, முன்பு காணாத ஒன்றைக் கண்டேன். தம் நூலைக் கண்டித்துக் காந்தியடிகள் எழுதியவற்றை, அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அண்ணல் அப்படியே சேர்த்து அச்சிட்டு, அவற்றின் பின் தம் விடையையும் வைத்தார். மறுப்பவரின் சொல்லை மறைத்துவிட்டு வெல்ல அவர் விரும்பவில்லை. இளமையில் அவருடைய சினத்தைக் கற்றேன். முதுமையின் வாயிலில் அவருடைய நேர்மையைக் கற்கிறேன். இளைஞர்களே, அந்நூலை ஒருமுறை படித்தேன் என்று நிறுத்திவிடாதீர்கள்.

சிவப்பு மையும் கருக்கும்

பாமா அவர்களின் 'கருக்கு' 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூலைப் பற்றி நான் வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். முதற்பக்கங்களைப் படித்ததும் எனக்கு எரிச்சல் உண்டாயிற்று. தென் மாவட்டத்துச் சேரியின் பேச்சுமொழியிலேயே முழு நூலும் எழுதப்பட்டிருந்தது. மாணவரின் விடைத்தாளில் பேச்சுச் சொல் வந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பழகிய கை என் கை. "படித்த ஆசிரியை ஒருவர் இப்படியா எழுதுவது?" என்று நூலை ஒதுக்கி வைத்தேன்.

சில நாள்கள் கழித்து, உடல்நலம் குன்றிப் படுத்திருந்த என் தாயார் ஏதேனும் படித்துக் காட்டுமாறு கேட்டார். கைக்கு அகப்பட்டது அந்நூலே. உரக்கப் படிக்கத் தொடங்கினேன். எழுத்தறியாத என் தாயார் சிரித்தார். இடையிடையே "ஆமாம், ஆமாம்" என்றார். பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டு, காரணம் அறியாத சிறுமி சிரிக்கும் இடம் வந்தது. அங்கே என் தாயார் சிரிக்கவில்லை. சற்றுநேரம் பேசாதிருந்து, "இது நம்ம ஊரு பேச்சு இல்ல, ஆனா நம்ம கதை" என்றார்.

நான் மதித்துப் போற்றிய தூய தமிழில் எழுதப்பட்ட எந்த நூலும் என் தாயாரை அப்படிப் பேச வைத்ததில்லை. இலக்கிய நடையை நான் கைவிட்டுவிடவில்லை. இப்போதும் அந்நடையிலேயே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆயினும் மாணவன் தன் வீட்டைப் பற்றி எழுதும் கட்டுரையில் தன் தாயின் பேச்சை எழுதினால், அதில் நான் வட்டமிடுவதில்லை.

தந்தி கொண்டுவந்த முதியவர்

இறுதியாக, நெடுந்தொலைவிலிருந்து வந்த ஒரு நூல். மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தார் வழியாகக் குறைந்த விலையில் நமக்குக் கிடைத்த நூல்களை இங்குள்ள மூத்தோர் அறிவர். சோவியத் நாடு 1991ஆம் ஆண்டில் கலைந்த பின் அவ்வரவு நின்றுவிட்டது. அவ்வாறு நான் வாங்கியவற்றுள் ஒன்று கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962ஆம் ஆண்டில் எழுதிய 'முதல் ஆசிரியர்'.

1920களில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றுக்குத் துய்ஷேன் என்னும் இளைஞன் பள்ளி நடத்த வருகிறான். அவனுக்கே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பாடநூல் இல்லை, பாடத்திட்டம் இல்லை. பாழடைந்த குதிரை லாயத்தைத் தன் கையால் செப்பனிட்டுப் பள்ளியாக்குகிறான். பனி உறையும் ஓடையில் பிள்ளைகளை முதுகிலும் கையிலும் சுமந்து அக்கரை சேர்க்கிறான். குதிரைமேல் போகும் செல்வர் அதைக் கண்டு சிரிக்கின்றனர். அல்தினாய் என்னும் அநாதைப் பெண்ணை அவன் காப்பாற்றி நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான். அவள் வளர்ந்து பெரும் அறிஞர் ஆகிறாள்.

பல ஆண்டுகளுக்குப் பின், அவ்வூரில் புதிய பள்ளியின் திறப்பு விழா நடைபெறுகிறது. அல்தினாய் சிறப்பு விருந்தினர். பழைய மாணவர்களிடமிருந்து வாழ்த்துத் தந்திகள் வருகின்றன. அவற்றைக் குதிரைமேல் விரைந்து கொண்டுவந்து சேர்க்கும் முதிய அஞ்சல்காரர் யார் என்றால், அவரே துய்ஷேன். அவர் உள்ளே வரவில்லை. அவரை யாரும் அழைத்து அமர வைக்கவும் இல்லை. அல்தினாய் நாணத்தால் அங்கிருக்க மாட்டாமல் புறப்பட்டுவிடுகிறார். புதிய பள்ளிக்கு அவர் பெயரையே இட வேண்டும் என்று பின்னர் எழுதுகிறார்.

பூட்டிய பீரோ

இந்நூலை இளமையில் படித்தபோது நானும் துய்ஷேன் ஆவேன் என்று உறுதி பூண்டேன். ஆனேனா என்பதை நீங்களே கேளுங்கள்.

தலைமையாசிரியனாக நான் முதலில் பொறுப்பேற்ற பள்ளிக்கு அரசின் கல்வித் திட்டத்தின் வழியாக நல்ல நூல்கள் வந்தன. சிறுவர் கதைகள், அறிவியல் நூல்கள், அறிஞர் வரலாறுகள் என 212 நூல்கள். இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொன்றாக எழுதி, இரண்டு பீரோக்களில் அடுக்கிப் பூட்டினேன். தணிக்கையில் ஒரு நூல் குறைந்தாலும் நானே விடை சொல்ல வேண்டும் என்னும் அச்சம் எனக்கு. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நம் தெருப் பெண், ஒருநாள் கேட்டாள்: "ஐயா, அந்த பீரோவுல என்ன இருக்கு?" "புத்தகம். உங்க கையில கொடுத்தா கிழிச்சிடுவீங்க" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

மாறுதல் ஆணை வந்து பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் பீரோவைத் திறந்தோம். கீழ்த்தட்டுகள் இரண்டும் கறையான் புற்றாக இருந்தன. பதிவேடு மட்டும் பழுதின்றி இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்ச் சுவடிகளை எண்ணி வருந்திய நான், அதையே என் பள்ளியில் செய்திருந்தேன். அதனினும் கொடியது ஒன்றுண்டு. நந்தனாரை வாயிலில் நிறுத்தியவர் யார் என்று நூல்களில் தேடிக்கொண்டிருந்த நான், ஒரு பிள்ளையை நூலின் வாயிலிலேயே நிறுத்திவிட்டேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவள் எந்த நூலைக் கேட்டிருப்பாளோ, அதைப் படித்து என்ன ஆகியிருப்பாளோ! அவ்வினாவுக்கு விடை எனக்கு இனிக் கிடைக்கப் போவதில்லை.

இப்போதுள்ள பள்ளியில் நூல்களைத் திறந்த அலமாரியில் வைத்திருக்கிறேன். முதலாண்டில் 31 நூல்கள் திரும்பி வரவில்லை. அவற்றுள் ஒன்று இரண்டாண்டுகளுக்குப் பின் வந்தது. மாணவனின் தாயார் பால் உறையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்து, "தினமும் ராத்திரி பையன் படிச்சுக் காட்டுவான், சார். வேற இருந்தா குடுங்க" என்றார். காணாமற்போன நூல் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. பூட்டி வைத்து அழிந்த நூல் எங்குமே இல்லை. தணிக்கையாளர் கேட்டால் சொல்வதற்கு இவ்விடையை வைத்திருக்கிறேன்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெரியோர்களே! மாவட்ட ஆட்சியரின் அலுவலகமே அமைந்துள்ள இவ்வேங்கிக்காலில், நம் சங்கமும் இன்று சொந்தக் கட்டடமும் படிப்பகமும் பெற்றுள்ளது. புதிய கண்ணாடி அலமாரிகளையும் அவற்றில் தொங்கும் புதிய பூட்டுகளையும் காலையில் கண்டேன். இந்த வெள்ளி விழாவின் நினைவாக அப்பூட்டுகளை அகற்றிவிட வேண்டுகிறேன். காணாமற்போகும் நூல்களுக்கு ஈடாக ஆண்டுதோறும் என் ஊதியத்திலிருந்து ஒரு பகுதியைத் தர இசைகிறேன். வாரத்தில் ஒரு மாலையேனும் எழுத்தறியாத நம் தாய்மார்க்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டவும் ஏற்பாடு செய்யுங்கள். எந்த நூல் நமக்கு உரியது என்பதை அவர்களே நமக்குச் சொல்வார்கள்.

மற்றுமொன்று. நம் சங்கத்தின் முதல் இரவுப் பள்ளி எங்கே நடந்தது என்பதை மூத்தோர் அறிவர். இடம் தர எவரும் முன்வராத நாளில், ஓர் அம்மையார் தம் மாட்டுக் கொட்டகையைத் தந்தார். மாட்டை வெளியே கட்டிவிட்டுச் சாணம் மெழுகி அரிக்கன் விளக்கையும் ஏற்றி வைத்தார். அவருக்குக் கையெழுத்திடத் தெரியாது. அன்று அங்கே அமர்ந்து படித்தவர்கள் இன்று அலுவலர்களாகவும் ஆசிரியர்களாகவும் இம்மேடையில் இருக்கிறார்கள். அவ்வம்மையார் இப்போது பந்தலின் கடைசி வரிசையில், தூணருகே தரையில் அமர்ந்திருக்கிறார். மேடைக்கு வரும்போது கண்டேன்.

துய்ஷேனை வெளியே நிறுத்திவிட்டு நடந்த விழாவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டு, அவ்வாறே இவ்விழாவையும் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவைத் தலைவர் அவர்கள் அருள்கூர்ந்து அவ்வம்மையாரை மேடைக்கு அழைத்து அமரச் செய்ய வேண்டும். என் நாற்காலி இப்போது காலியாகத்தான் இருக்கிறது.